கையெழுத்துப் போட்ட கார்டும் கல்யாணக் காரும்

கவி,

மாடியில் நீ தையல்கடையிலிருந்து வந்த ரவிக்கைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கீழே சாப்பாட்டு மேசையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு நான் இதை எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பாய். நேரில் ஆரம்பித்தால் நான் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன், நீயும் "சரிம்மா, பார்த்துக்கறேம்மா" என்று எழுந்து போய்விடுகிறாய். அடுத்த வாரம் இந்நேரம் நீ லாஸ்பேட்டையில் வேறொரு வீட்டில் இருப்பாய். மூலக்குளத்திலிருந்து லாஸ்பேட்டை எவ்வளவு தூரம், பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம் என்று உன் அப்பா சொல்கிறார். தூரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை வேறு. அதை எழுதித்தான் பார்க்கிறேன்.

உன் கார்டுகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். சூயிங்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட்காரர் படம் போட்ட அட்டை வந்த காலத்தில் நீ கம்மை வாயில் போடாமல் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அட்டையை மட்டும் வைத்துக்கொள்வாய். எனக்கு அது புதிதில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பாத்திரக்கடைக் கல்லாவில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பக்கெட்டுக்கு மக் இலவசம் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டால், மக்கைத் தேர்ந்தெடுக்கத்தான் எல்லோரும் நேரம் செலவழிப்பார்கள். பக்கெட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒருத்தர் பார்க்கமாட்டார். மக்கின் விலை பக்கெட்டுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். நீயும் அப்படித்தான், வளர்ந்தால் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ விடவில்லை. நம் ஊர் மேட்டுப்பாளையத்து மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்தபோது, வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கார்டு பாக்கெட் வரவழைத்தாய். பிரிக்கும்போது உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. லாட்டரிச் சீட்டு சுரண்டுகிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். உள்ளே ஒன்றும் தேறாத நாளில் நீ சாப்பிடாமல் படுப்பாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பா மட்டும் "பபிள்கம் சீட்டுக்குச் சம்பளம் போவுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நீயே நிறுத்தினாய். "பாக்கெட் வாங்கினா அவன் கொடுக்கறதை வாங்கறோம்மா. எது வேணுமோ அந்த ஒத்தைக் கார்டைத் தேடி வாங்கினா போதும்" என்றாய். அன்று எனக்கு வந்த நிம்மதியை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கையில் காசு வந்தபிறகு, யாரும் சொல்லாமல், தானாக நிறுத்தத் தெரிகிற ஆட்களை நான் கடையில் அதிகம் பார்த்ததில்லை.

அப்படித் தேடி வாங்கியதுதான் அந்தக் கிரிக்கெட் ஆடுகிற பெண்ணின் கார்டு. அவள் விளையாட வந்த முதல் வருஷத்துக் கார்டு, அவளே கையெழுத்துப் போட்டது. பெண்கள் கிரிக்கெட் கார்டை அப்போது யாரும் சீண்டவில்லை என்பதால் உனக்கு மலிவாகக் கிடைத்தது. அதை அமெரிக்காவில் கார்டுகளை மதிப்பிடுகிற ஒரு கம்பெனிக்கு அனுப்பினாய். அங்கே மூலை மழுங்கவில்லை, கீறல் இல்லை என்று பார்த்து, மதிப்பெண் போட்டு, கண்ணாடி மாதிரி ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு ஆன செலவைக் கேட்டு நான் இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண் அடிக்க ஆரம்பித்தாள். டிவியில், பேப்பரில், பல்பொடி விளம்பரத்தில் எல்லாம் அவள் முகம் வந்தது. கார்டின் விலை ஏறிவிட்டது என்று நீ போனைக் காட்டினாய். "வித்துடேன்" என்றேன். "இவளை எனக்குப் பிடிக்கும்மா. விலைக்காக வாங்கல" என்றாய். எனக்கு அது விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

பிரபு வீட்டார் சம்பந்தம் பேச வந்த ஞாயிற்றுக்கிழமையை நீ ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிரபுவின் அம்மா உன் அறைக்குள் வந்து அலமாரியில் வரிசையாக நின்ற உறைகளைப் பார்த்தார்கள். "இன்னும் விளையாட்டு போவலியா பொண்ணுக்கு" என்று சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லை, ஆனால் அந்தச் சிரிப்பு கூடத்துக்கு வந்தும் நிற்கவில்லை. அதே சிரிப்போடு எத்தனை சவரன் போடுவீர்கள் என்று கேட்டார்கள். உன் அப்பா ஒரு எண்ணைச் சொன்னார். பிரபுவின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார், அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியை உன் அப்பாவால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் பபிள்கம் சீட்டு என்று சொன்ன அதே மனிதர், "சம்பந்தி, உள்ள பார்த்தீங்களே, அதுல ஒரே ஒரு கார்டை வித்தா ஒரு காருக்கு முன்பணம் கட்டிடலாம்" என்றார். பிரபுவின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா, அட்டைக்கா" என்றார். பிறகு அவரும் எழுந்துபோய் அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

நிச்சயம் முடிந்து சில நாளில் கடைக்குப் போன் வந்தது. உன் அப்பா பேசினார், சத்தம் எனக்கும் கேட்டது. "நாங்க ஒன்னும் கேக்கல சம்பந்தி. நகை நீங்க போடறதைப் போடுங்க. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான். அந்தக் கார்டு சும்மா அலமாரில தூங்குது. வித்து வண்டிக்குக் கட்டிட்டா நம்ம புள்ளைங்கதான போவுது, வருது." உன் அப்பா "பாக்கலாம் சம்பந்தி, பொண்ணு கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, வெகுநேரம் குக்கர் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யார் மேலும் கோபப்பட அவருக்கு வழியில்லை. வாயைக் கொடுத்தவர் அவர்தான்.

உன்னிடம் உடனே சொல்லவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போயிற்று. சொன்னால் நீ கல்யாணமே வேண்டாம் என்பாய் என்று ஒரு பயம். சரி விற்றுவிடலாம் என்று தலையாட்டிவிடுவாயோ என்று இன்னொரு பயம். இந்த இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. ஒரு தடவை கேட்டுக் கொடுத்துவிட்டால், அடுத்து எதைக் கேட்பார்கள் என்று நீயே உன் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லாவில் சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் நீதான் கேட்டாய், "என்னாம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது" என்று. சொன்னேன். நீ கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "இது அவங்கப்பா கேட்டதா, அவரு கேட்டதா?" நீ பிரபுவைக் கடைக்கு வரச் சொன்னாய்.

அன்று கடையில் நான் இருப்பேன் என்று தெரிந்துதான் அங்கே வரச் சொன்னாயா என்று இன்றுவரை உன்னைக் கேட்டதில்லை. மீன் மார்க்கெட் கூட்டம் ஓய்ந்திருந்த நேரம். மாப்பிள்ளை "வணக்கம் அத்தை" என்று சொல்லிவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஸ்டூல் அடுக்குப் பக்கத்தில் நின்றார். நீ சுற்றி வளைக்கவில்லை.

"கார்டைப் பத்தி உங்கப்பா பேசினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவரு போன் பண்றப்ப பக்கத்துலதான் இருந்தேன்."

"ஏன் ஒன்னும் சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் துணியால் கல்லாவைத் துடைத்தேன். "அவரு சொன்னதுல தப்பு இருக்குதுன்னு எனக்குத் தோணல கவி. உனக்குக் கோவம் வரும், ஆனா பொய் சொல்ல வரல. காகிதம்தான அது. மழையில நீயும் நானும் பைக்ல போறதுக்குப் பதிலா ஒரு காரு இருந்தா நல்லதுதானன்னு நினைச்சேன்."

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பாரா என்று கூட யோசித்துவிட்டேன், பார்த்துக்கொள். நீ கைப்பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த அந்தக் கார்டை எடுத்து அவர் கையில் வைத்தாய்.

"சரி. நீங்களே வித்துட்டு வாங்க. யாரு வாங்குவாங்கன்னு சொல்றேன். வர்ற பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"நானா?"

"வண்டி உங்களுக்கும்தான. அலையறதும் கொஞ்சம் உங்களுக்கு இருக்கட்டும்."

அவர் போனபிறகு நான் உன்னைத் திட்டினேன். தொலைத்துவிட்டால் என்ன செய்வாய், ஏமாந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "தொலைச்சா, தொலைக்கிற ஆளுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்" என்றாய். ஆனால் சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாய். நான் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மாப்பிள்ளை வாயாலேயே கேட்டோம். முதலில் கார்டு சேர்க்கிற உங்கள் குழுவில் ஒருத்தர் முழு விலையும் தருகிறேன் என்றாராம், ஆனால் கார்டைக் கூரியரில் அனுப்பு, பார்த்துவிட்டுப் பணம் போடுகிறேன் என்றாராம். இன்னொருத்தர் கார்டைத் திருப்பித் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, விலை இறங்கட்டும், சொல்கிறேன் என்றாராம். அதனால் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். அங்கே கார்டு வாங்கி விற்கிற ஒரு கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, போனில் பார்த்த விலையில் பாதிக்கும் கீழே சொன்னார். "போன்ல இருக்கறது கேக்கற விலை தம்பி. நான் சொல்றது கையில கொடுக்கற விலை" என்றாராம். மாப்பிள்ளை கொடுத்திருக்கலாம். பாதி விலையும் சின்னப் பணமில்லை, அவர் அப்பாவுக்கும் அது போதும். ஆனால் அவர் திரும்பி வந்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்திருந்தாராம். மோட்டலில் நிறுத்தியபோது டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் விட்டிருந்த பைக்கை எடுத்துப் புறப்பட்டபோது மழை பிடித்துக்கொண்டது. நெல்லித்தோப்புச் சிக்னலில் வண்டி வழுக்கி விழுந்தார். விழும்போது கையை ஊன்றவில்லை, சட்டைக்குள் இருந்த கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதனால்தான் முழங்கையும் தாடையும் அப்படித் தேய்ந்து போயிருந்தன. ஜனங்கள் தூக்கிவிட்டதும், அவர் முதலில் சட்டைப் பட்டனைத் திறந்து உள்ளே பார்த்தாராம். அதே கோலத்தோடு, ரத்தமும் சேறுமாக, நம் வீட்டு வாசலில் வந்து நின்றாரே, எனக்கு உயிரே போய்விட்டது. நீ மஞ்சள் பொடி எடுக்க ஓடினாய். அவர் கார்டை மேசையில் வைத்துவிட்டு, "இதை நீயே வச்சுக்க கவி. எப்படித்தான் இத்தனை நாள் வச்சிருந்தியோ. எனக்கு ஒரு நாள் முழுக்க மூச்சே விட முடியல" என்றார். உறையின் ஓரத்தில் மெல்லிய கீறல் விழுந்திருந்தது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கார்டைத் தொடவே இல்லை, அவர் முழங்கையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாய். அப்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் அவர் தன் அப்பாவிடம் என்ன சொன்னார் என்று உனக்கு அவர் சொல்லியிருப்பார். எனக்கு அவர் அம்மா சொன்னார்கள். "அது அவ பொருளு. வண்டி வேணும்னா நான் சம்பாரிச்சு வாங்கறேன். இதுக்கு மேல இந்தப் பேச்சு எடுத்தா மண்டபத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல வார்த்தைதான். கேட்டதும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதைச் சொன்ன அந்த அம்மாவின் குரலில் சந்தோஷம் இல்லை. "எங்க புள்ள எங்களை எதிர்த்துப் பேசினதே கிடையாது" என்றார்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்குள் இன்னும் இறங்கவில்லை. உன்னால்தான் மகன் எதிர்த்துப் பேசினான் என்று அந்த வீட்டில் ஒரு மூலையில் எழுதி வைத்திருப்பார்கள். முகூர்த்தப் புடவை எடுக்கப் போனபோது பிரபுவின் அப்பா கடைக்குள்ளேயே வரவில்லை, வெளியே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீ புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சில விஷயங்கள் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் பொருளின் விலையைச் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லாதே. உன் அப்பா சொன்னதும் என்ன ஆயிற்று என்று பார்த்தாய். விலை தெரியாதவரை அது உன் விளையாட்டு, விலை தெரிந்தபின் அது குடும்பச் சொத்து. அந்தக் கார்டை அந்த வீட்டுப் பீரோவில் வைக்காதே, பேங்க் லாக்கரில் உன் பேரில் வை. சம்பளத்தில் வீட்டுக்குத் தாராளமாகக் கொடு, மூக்கால் அழாதே. ஆனால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போ. கார் வாங்குங்கள், நல்லபடியாக ஓட்டுங்கள். ஆனால் மாதத் தவணைக் கையெழுத்து உன்னுடையதும் வண்டிச் சாவி வேறொருவர் கையிலும் என்று ஆகிவிடக்கூடாது. நம் கடைக்கு வருகிற எத்தனையோ பெண்கள் தவணையில் வாங்கிய கிரைண்டருக்கு உதிரிச் சாமான் கேட்டு வருவார்கள், தவணை முடிந்திருக்காது, கிரைண்டர் ஓடாது. வாங்குகிற அன்று எல்லோரும் கூட வருவார்கள் கவி, கட்டுகிற அன்று ஒருத்தர்தான் நிற்பார்.

விலை ஏறுகிறது என்று சந்தோஷப்படுகிறாயே, அதுவும் எனக்குப் பயம்தான். நான் பயப்படாத விஷயம் உண்டா என்று நீ கேட்பாய். அந்தப் பெண்ணுக்கு முழங்கால் பிசகினால் போதும், விலை விழுந்துவிடும். விழட்டும். நீ அவளைப் பிடித்து வாங்கினாய், விழுந்தாலும் உன்னிடம் அவள் இருப்பாள். ஆனால் அந்த விலையை நம்பி ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தால், அன்று வீட்டில் எல்லோர் முகமும் உன் பக்கம் திரும்பும். நகையும் அப்படித்தான் என்று உன் அப்பாவிடம் சண்டை போடுகிறாய். செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போதே ஒரு பங்கு போய்விடுகிறது, விற்கும்போது இன்னொரு பங்கு. நீ சொல்வது சரி. இருந்தாலும் நகையைப் போட்டுக்கொள், தர்க்கம் பேசாதே. ஒரு கல்யாணத்தில் ஒரு சண்டை போதும்.

இதையெல்லாம் எழுதி முடித்து மடித்துவிடலாம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். நேற்று மதியம் உன் மாமனார் தனியாக நம் கடைக்கு வந்தார். உன் அப்பா பேங்குக்குப் போயிருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், டீ சொல்லி அனுப்பினேன். அவர் இட்லிப் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையும் வாங்க வரவில்லை என்று தெரிந்தது. கல்யாண விஷயமாக ஏதோ சொல்லப் போகிறார், இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, அந்தக் கார்டுல இருக்குதே ஒரு பொண்ணு, அது இன்னைக்கு ஆடுதா?"

"தெரியலீங்க. கவிக்குத்தான் தெரியும்."

"போன மேட்ச்ல சீக்கிரம் அவுட்டாயிடுச்சு. பாவம், நல்லாத்தான் ஆரம்பிச்சுது." போனை என் பக்கம் திருப்பி எதையோ காட்டினார். எனக்கு எண்கள்தான் தெரிந்தன, கண்ணாடி போட்டிருக்கவில்லை. "வலது பக்கம் வர்ற பந்தைத் தூக்கி அடிக்குது, அங்கதான் மாட்டிக்குது. நம்ம பொண்ணு கிட்ட கேட்டாத் தெரியும். அது இதெல்லாம் பார்க்கும் இல்ல?"

"பார்க்கும்ங்க."

"சரி. கல்யாணம் முடியட்டும்" என்று எழுந்தார். இட்லிப் பானையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

கவி, "நம்ம பொண்ணு" என்று அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. அதைப் பிடித்துக்கொண்டு நேற்றிலிருந்து மனசை ஆற்றப் பார்க்கிறேன். உடனே இன்னொரு பக்கம், இவர் எதற்காக மேட்ச் பார்க்கிறார், அந்தப் பெண்ணுக்காகவா, விலை இறங்கிவிடுமோ என்றா என்று கேள்வி வந்து நிற்கிறது. அவர் முகத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. கடைக்கு வருகிறவர் வாங்க வந்தாரா, விலை கேட்க வந்தாரா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்று பெருமைப்படுகிறவள் நான். இவரிடம் அது பலிக்கவில்லை.

நீ அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பாய். அந்தப் பெண் அவுட் ஆகும்போது அவர் முகம் எப்படிப் போகிறது, நன்றாக அடிக்கும்போது யாரைத் திரும்பிப் பார்க்கிறார் என்று உனக்குத் தெரிந்துவிடும். சண்டை போடாதே, சோதனையும் வைக்காதே, மாப்பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பியது போதும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார். தெரிந்ததும், அது நல்லதோ கெட்டதோ, நேரம் காலம் பார்க்காமல் முதலில் எனக்குப் போன் பண்ணு.

உன் அம்மா